மாற்றாத ரம்பம்

புது ரம்பம் ஒன்று என் பிக்கப் வண்டியின் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்தபடியே இருந்தது. அதை எடுத்து மாட்ட எனக்குப் பத்து நிமிடம் போதும். கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டிவிடுவேன். நான் சொல்லப் போவது அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான். சொல்லி முடித்த பிறகு என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பெயர் ரூடி கங்காஸ். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற அறுவை மில் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு பெரிய சக்கரங்களில் ரம்பம் பட்டை போலச் சுற்றும். கீழே இரும்புப் படுக்கையில் மரம் அசையாமல் கிடக்கும். எஞ்சினும் ரம்பமும் தண்டவாளத்தின் மேல் நகர்ந்து அதை அறுத்துக்கொண்டே போகும். இருபத்தாறு வருடமாக இந்த ஏரிக்கரை முழுக்க ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் அந்த மில்லை நிறுத்தி அறுத்திருக்கிறேன். மரத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால், "ரூடியைக் கேள்" என்பார்கள். ரூடி சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

என்னைத் தவிர மரத்துக்கு ஊரார் போய் ஆலோசனை கேட்கிற இன்னொரு ஆள் ஆர்வோ நியெமெலா. அவர் அறுக்கிறவர் இல்லை, உலர்த்துகிறவர். பச்சைப் பலகையைக் களஞ்சிய மாடியில் அடுக்குவார். இரண்டு பலகைக்கு நடுவே காற்றுப் போகக் குச்சி வைப்பார். இத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று திருப்பி அடுக்குவார். ஒரு துண்டை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, மனைவி லெம்பியின் சமையல் தராசில் அவ்வப்போது எடை போட்டுப் பார்ப்பார். எடை இறங்குவது நின்றால்தான் அவர் கணக்கில் மரம் காய்ந்தது. கூட்டுறவுக் கடையின் காபி மேஜையில் முப்பது வருடமாக இதையே எங்களுக்குப் பாடம் எடுத்தார். நாங்கள் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு, அவர் போனதும் சிரிப்போம். ஆனால் நல்ல மரம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போவோம்.

போன அக்டோபரில், முற்றத்தில் இலை வாரிக்கொண்டிருந்தபோது ஆர்வோ அப்படியே உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. அவர் வீட்டுச் சவுனாவின் வேலை பாதியில் நின்றுவிட்டது. அடுப்பில் சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றி, எழுகிற ஆவியில் உட்கார்ந்து வியர்த்துக் குளிக்கிற மர அறை அது. பழைய உட்சுவர்ப் பலகை மக்கிப்போய்விட்டதென்று பிடுங்கிப் போட்டிருந்தார். புதிதாக அடிக்க, நாலு வருடம் காய்ந்த பாஸ் மரம் பதினாறு பலகை மாடியில் தயாராக இருந்தது. பாஸ் மரம் எவ்வளவு சூடேறினாலும் சாய்கிறவன் முதுகைச் சுடாது. ஆனால் எல்லாம் இரண்டு அங்குலத் தடிமன். ஒவ்வொன்றையும் நடுவில் பிளந்து இரண்டு மெல்லிய பலகையாக்கினால்தான் சுவரில் அடிக்க முடியும்.

மே மாதம் பனி கரைந்து பாதை காய்ந்ததும் லெம்பி போன் செய்தாள்.

"ரூடி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தங்கச்சி வீட்டு சவுனாவுக்குப் போய்ப் போய் எனக்கு வெக்கமா இருக்குடா. அந்தப் பலகைய வந்து பிளந்து குடு. ஜூஹானுஸ் அன்னிக்கு என் வீட்டுலயே அடுப்பு மூட்டணும்."

ஜூஹானுஸ் என்றால் எங்களுக்குக் கோடைப் பண்டிகை. அன்று சவுனா இல்லாத வீடு, அடுப்பெரியாத வீடு மாதிரி.

"வரேன் லெம்பி. நான் பிளந்தா இழைப்புளியே வேண்டாம். அப்படியே ஆணி அடிச்சிடலாம்" என்றேன். யாரும் கேட்காத பெருமை அது.

பலகை பிளக்கப் போன அன்று காலையில் வேறொரு வீட்டில் வேலை. மணலில் இழுத்து வந்த ஸ்ப்ரூஸ் மரம். மரப்பட்டை முழுக்க மணல். ரம்பம் அதில் என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசி இரண்டு மரத்தில் சத்தமே மாறிவிட்டது. காய்ந்த மரத்தைப் பிளக்கப் போகிறவன் புது ரம்பம் மாட்டாமல் போகக் கூடாது என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும், "பாஸ் மரம்தானே, வெண்ணெய் மாதிரி. எட்டு அங்குல அகலம்தானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மழுங்கிய ரம்பத்தோடு லெம்பி வீட்டு முற்றத்துக்குப் போனேன். புதிதை அடுத்த வாரத்து ஓக் மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது நினைப்பு. சோம்பேறித்தனத்துக்கு நான் எப்போதும் ஒரு நல்ல பெயர் கண்டுபிடித்துவிடுவேன்.

லெம்பி காபிக் கெட்டிலோடும் ஏலக்காய் ரொட்டியோடும் வெளியே வந்து நின்றாள். எழுபத்தைந்து வயதிலும் ஆர்வோவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பலகை தூக்கத் தயாராக இருந்தாள். அவள் தங்கை மகன் கென்னியும் வந்திருந்தான். அவன் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். நல்ல பையன், நாற்பது வயதுப் பையன். ஆணி அடிக்கத் தெரியும். மரத்தைப் பற்றிக் கேட்டால், எரியும் என்பது வரைக்கும் தெரியும்.

"என்ன ரூடி, மெஷின் உன்னை மாதிரி இருமுது?" என்றான்.

"உன் பனி வண்டி மாதிரி மெயில்பாக்ஸ இடிச்சுத் தள்ளாது, கவலைப்படாதே" என்றேன். லெம்பி சிரித்தாள். ஆர்வோ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல் பலகையைப் படுக்க வைத்து, ரம்பத்தில் படாதபடி பிடியைத் தாழ இறுக்கினேன். சரியாக நடுவில் போகும்படி ரம்பத்தை இறக்கினேன். தண்ணீர் சொட்டத் திறந்துவிட்டுத் தள்ளினேன். மூன்றடி நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு கணுவில் பட்டதும் ரம்பம் கீழே முங்கியது. மேலே ஏறியது. மறுபடி முங்கியது. கையில் தெரிந்தது. காதிலும் தெரிந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் கடைசி வரை தள்ளிவிட்டேன்.

கென்னி மேல் பலகையைத் தூக்கினான். அறுத்த பக்கம் அலை அலையாக இருந்தது. ஒரு இடத்தில் அரை அங்குலம், அடுத்த சாணில் ஒன்றே கால். லெம்பி உள்ளங்கையால் அதைத் தடவினாள்.

"ஏன் ரூடி இப்படி இருக்கு?"

"ரம்பம் மழுங்கிப் போச்சு, பத்து நிமிஷம் குடுங்க, மாத்திடறேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அப்போது கென்னி, "இழைப்புளியே வேண்டாம்னாரே நம்ம ரூடி!" என்று பல்லைக் காட்டினான். அவ்வளவுதான். முகம் சூடாகிவிட்டது. வாயில் வேறொன்று வந்தது.

"மரத்துல இறுக்கம் இருக்கு லெம்பி. வெளிப்பக்கம் வேகமா காஞ்சு கெட்டியாயிடுச்சு, உள்பக்கம் காயாம நின்னுபோச்சு. பிளந்தா உள்ள இருக்கிற இறுக்கம் ரம்பத்தை இப்படியும் அப்படியும் தள்ளும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் இதில் இருக்கிற அயோக்கியத்தனம். அவசரமாக உலர்த்திய மரத்தில் அப்படி நடக்கும். இந்த ஊரில் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போய்விட்டார்.

"அவசரப்பட்டாரா? ஆர்வோவா?" என்றாள் லெம்பி. "நாலு வருஷம் வச்சிருந்தாரே."

"மாடிக்குத் தகரக் கூரை. கோடையில சூடு ஏறியிருக்கும். கவனிச்சிருக்க மாட்டார். வயசும் ஆச்சு இல்லையா" என்றேன். கேட்காத விவரத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். பொய் சொல்கிறவன் அங்கேதான் மாட்டிக்கொள்வான். அவளிடம் நான் மாட்டவில்லை. களஞ்சிய மாடியின் சின்ன ஜன்னலைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "அப்படியா" என்றாள்.

இரண்டாவது பலகையில் ரம்பத்தை இன்னும் இறுக்கினேன். மெதுவாகத் தள்ளினேன். அதே அலை. அப்போதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. இனிமேல் புது ரம்பத்தை மாட்ட முடியாது. மாட்டினால் மூன்றாவது பலகை கண்ணாடி மாதிரி நேராக வரும். லெம்பி முட்டாள் இல்லை. மரம் நல்ல மரம் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஆகவே பதினாறு பலகையையும், கெடுகிறது என்று தெரிந்தே, அந்த மழுங்கிய ரம்பத்தாலேயே அறுத்தேன். இரண்டரை மணி நேரம். ஒரு மனிதர் நாலு வருடம் பொறுமையாகக் காத்ததை, என் வார்த்தையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஒவ்வொன்றாகக் கெடுத்தேன்.

ஒவ்வொரு பலகை வரும்போதும் லெம்பி தடவிப் பார்த்தாள். "இதுவும்" என்பாள். பத்தாவதுக்குப் பிறகு தடவுவதை நிறுத்திவிட்டாள். ரொட்டித் தட்டு வண்டியின் பின்பலகையில் அப்படியே இருந்தது.

எல்லாம் முடிந்து மில்லைக் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"மேல மேப்பிள் இருபத்திரண்டு பலகை இருக்கு ரூடி. மகளுக்குச் சாப்பாட்டு மேஜை பண்ணணும்னு ஆர்வோ எடுத்து வச்சது. அதுல ஒண்ணைப் பிளந்து பாத்துடலாமா?"

அந்த மேப்பிளை எனக்குத் தெரியும். உடம்பெல்லாம் குருவிக் கண் மாதிரிப் புள்ளி விழுந்த மரம். ஆயிரத்தில் ஒரு மரம் அப்படி அமையும். அதைப் பச்சையாக இருக்கும்போது பலகையாக்கியவனே நான்தான்.

"வேண்டாம் லெம்பி" என்றேன், மிக வேகமாக. "அதே ஆளு, அதே மாடி, அதே கை. அதுவும் இப்படித்தான் இருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். கூலி கொடுக்க வந்தபோது நான் வாங்கவில்லை. "உன் மேல தப்பு இல்லையே, வாங்கிக்கோ" என்றாள். அப்போதும் வாயைத் திறக்காமல் நின்றேன். மறுநாளே ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. மரம் அவ்வளவு மோசமாம், ரூடி காசு கூட வாங்கவில்லையாம். என் பொய்க்கு என் தாராளமே சாட்சி சொல்லிக்கொண்டு திரிந்தது.

கிளம்பும்போது லெம்பி ஒரு துண்டுப் பலகையை வண்டியில் வைத்தாள். ஆர்வோ எடை போட்டுப் பார்ப்பதற்கென்று தனியாக வைத்திருந்த துண்டு. "இனி எனக்கு எதுக்கு இது? அடுப்புக்காவது ஆகட்டும்" என்றாள்.

அதை எரிக்கவில்லை. திங்கட்கிழமை புது ரம்பம் மாட்டினேன். முதல் வேலையாக அந்தத் துண்டைப் படுக்கையில் வைத்துப் பிளந்தேன். ரம்பம் முணுமுணுக்காமல் போயிற்று. இரண்டு பாதியையும் முகத்தோடு முகம் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மரத்தில் இறுக்கம் இருந்திருந்தால் இரண்டும் வளைந்து நடுவே இடைவெளி தெரிய வேண்டும். ஒரு நூல் வெளிச்சம் கூட வரவில்லை.

துண்டின் ஓரத்தில் ஆர்வோவின் பென்சில் எழுத்து. தேதி, எடை, தேதி, எடை என்று நாலு வருடத்துக்கு. கடைசித் தேதி போன செப்டம்பர். அதற்குக் கீழே, "தயார். ரூடியிடம் சொல்ல வேண்டும், புது ரம்பத்தோடு வரச் சொல்லி" என்று எழுதியிருந்தார்.

வெகு நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் காது வரைக்கும் எரிந்தது. செத்துப்போன மனிதர் என்னை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டது போல இருந்தது.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். போனேன். லெம்பி வீட்டு மெயில்பாக்ஸ் வரை போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் மறுபடி போனேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் கையாட்டிவிட்டு, வேறெங்கோ போகிறவன் மாதிரி நேராகப் போய்விட்டேன். அந்தப் பாதை ஏரியில் போய் முடிகிறது. அங்கே எனக்கு என்ன வேலை என்று அவள் யோசித்திருப்பாள்.

காபி மேஜையில் ஹரால்ட் ஆரம்பித்தான். அவன் வாய் சும்மா இருக்காது.

"முப்பது வருஷம் நம்ம காதைத் தின்னான்யா ஆர்வோ. மரத்தை அவசரப்படுத்தாதே, மரத்தை அவசரப்படுத்தாதே. கடைசில அவன் சொந்தப் பலகை பாம்பு மாதிரி நெளிஞ்சு கிடக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். "ரூடி, நீதானே பாத்தே, சொல்லு!" என்று ஒருவன் என் தோளைத் தட்டினான். நான் சிரித்தேன். சும்மா இருந்திருக்கலாம், எழுந்து போயிருக்கலாம். சிரித்தேன். பொய் சொன்னதை விட அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூஹானுஸுக்கு இரண்டு நாள் முன்னால் லெம்பி போன் செய்தாள்.

"சவுனா தயார் ரூடி. கென்னி பலகையெல்லாம் அடிச்சுட்டான். சனிக்கிழமை வா. முதல் சூடு வேலை செஞ்சவங்களுக்குத்தான். அறுத்தவனும் அடிச்சவனும் முதல்ல போங்க. அப்புறம் பொம்பளைங்க நாங்க போறோம்."

"லெம்பி, எனக்கு அன்னிக்கு..."

"என்ன, ஜூஹானுஸ் அன்னிக்கு உனக்கு ஆபீஸா? வாடா பேசாம."

போனேன். சாயங்காலம் ஆறு மணி. எங்கள் ஊர்க் கோடையில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்; வெயில் இன்னும் இறங்க மனமில்லாமல் நின்றது. பண்டிகைக்காக வாசலில் இரண்டு இளம் பிர்ச் மரங்களை வெட்டி நட்டிருந்தார்கள். லெம்பி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சவுனாவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினாள். நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் உள்ளே நுழைந்து துணியைக் களைந்தேன்.

சவுனாவில் மேல் படியில் ஏறி உட்கார்ந்ததும் தெரிந்தது. சின்ன ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து சுவரில் விழுந்தது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு நிழல். முப்பத்திரண்டு பலகையும் எனக்கு எதிரே வரிசையாக நின்றன. நேரான பக்கத்தைச் சுவரோடு வைத்து, நெளிந்த பக்கம் தெரியும்படி அடித்திருந்தான் கென்னி. உடுத்த ஒன்றும் இல்லாமல், நான் கெடுத்த பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

"நெளிஞ்சாலும் நல்லாத்தான் இருக்கு இல்ல?" என்றான் கென்னி, கல்லில் தண்ணீர் ஊற்றியபடி. ஆவி எழுந்து காதைப் பொசுக்கியது. "அந்த மூலை பாத்தியா? பெரியப்பா உக்கார்ற இடம். எல்லாத்துலயும் மோசமான பலகையை அங்கதான் அடிக்கணும்னு பெரியம்மா சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"நாப்பத்தெட்டு வருஷத்துல அந்த மனுஷன் ஒரு தப்பைக் கூட ஒத்துக்கிட்டதில்லையாம். இப்ப ஒண்ணு கையும் களவுமா சிக்கியிருக்கு, என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. எங்கள் ஆட்களுக்குச் சவுனாவில் சண்டை கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, பொய்யும் கிடையாது. யாரும் சொல்லித் தருவதில்லை. அங்கே பொய்யோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அடுப்புல இன்னும் ரெண்டு கட்டை போடணும்" என்றான் கென்னி. "நீ கிட்ட இருக்கே. உடுப்பு மாத்துற ரூம்ல பெட்டி இருக்கு பாரு."

தப்பித்தோம் என்று இறங்கினேன். துண்டைச் சுற்றிக்கொண்டு விறகுப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். ஒரு கட்டையை எடுத்தேன். கை உடனே அறிந்துகொண்டது. கனம். நான்கு பக்கமும் சதுரம். இரண்டு அங்குலத் தடிமன். திருப்பினேன். வழவழவென்ற மஞ்சளில் குருவிக் கண்கள் நூறு என்னைப் பார்த்தன. முனையில் பாதி எழுத்து அறுபட்டு நின்றது. ஆர்வோவின் பென்சில்.

பெட்டி முழுக்க அதுதான்.

"கென்னி" என்று கூப்பிட்டேன். "இது என்னடா?"

"ஓ, அதுவா? மாடியில இருந்த மேப்பிள். போன மாசமே வெட்டிட்டேன். பெரியம்மா சமையலுக்கு எரிச்சது போக மிச்சம் இவ்வளவுதான். செம சூடுடா அது."

"எல்லாமா?"

"எல்லாம்தான். நீதானே சொன்னே, எல்லாம் அப்படித்தான் இருக்கும்னு."

அந்தக் கட்டையைக் கையில் பிடித்தபடி, இடுப்பில் துண்டோடு வெளியே வந்தேன். லெம்பி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா, அதுக்குள்ள சூடு தாங்கலியா? கிழவனாயிட்டே நீ."

"லெம்பி, மரத்துல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"என்ன?"

"மரத்துல இறுக்கம் இல்ல. ஆர்வோ நல்லாத்தான் உலர்த்தியிருந்தார். என் ரம்பம் மழுங்கியிருந்துது. காலையில மண்ணுல அறுத்த ரம்பம். புதுசு வண்டியில இருந்துது. சோம்பேறித்தனத்துல மாத்தல. முதல் பலகை கெட்டதும் உங்ககிட்டயும் கென்னிகிட்டயும் சொல்ல வெக்கமா இருந்துது. ஆர்வோ மேல பழியப் போட்டேன். அதுக்கப்புறம் மாத்தினா தெரிஞ்சுடுமேன்னு எல்லாத்தையும் கெடுத்தேன். நீங்க குடுத்த துண்ட வீட்டுல புது ரம்பத்துல பிளந்து பாத்தேன். கண்ணாடி மாதிரி வந்துது. ஒரு மாசமா எனக்குத் தெரியும்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஈரமான உடம்பில் ஏரிக்காற்று பட்டு நடுங்கியது. கதவருகே கென்னி வந்து நின்றது தெரிந்தது.

லெம்பி என் கையிலிருந்து கட்டையை வாங்கினாள். மடியில் வைத்துக்கொண்டு, பலகையைத் தடவியது போலவே உள்ளங்கையால் அதைத் தடவினாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அந்தத் துண்டுல எழுதியிருந்ததை நானும் படிச்சேன் ரூடி" என்றாள், கட்டையைப் பார்த்தபடியே. "புது ரம்பம்னு. நீ அறுத்துக்கிட்டு இருக்கும்போது எனக்கு ஞாபகம் வந்துது. புது ரம்பம் போட்டியான்னு கேக்கலாம்னு ரெண்டு தடவை வாய் வரைக்கும் வந்துது."

"ஏன் கேக்கல?"

"கென்னி முன்னாடி கேட்டா உனக்கு அவமானமா இருக்குமேன்னுதான்."

நான் அவள் காலடியில் இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெங்கே பார்க்க முடியும்?

"ஒரு மாசமா அந்த மனுஷனைத் தினம் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். "காலையில அடுப்புல ஒவ்வொரு கட்டையா போடறப்போ. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இப்ப பாத்தியான்னு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்த மாதிரி இருந்துது. அவர் ஒண்ணும் தப்பு பண்ணலியா."

"இல்ல."

"ம்."

கட்டையைத் திருப்பிப் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். பிறகு அதைத் தன் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தாள். என்னிடம் திருப்பித் தரவில்லை.

"கென்னி, பெட்டியில மிச்சம் இருக்கிறதை எடுத்து வீட்டுக்குள்ள வை. இனி எரிக்க வேண்டாம்." அவன் போனான். அவள் என் பக்கம் திரும்பினாள். "திங்கக்கிழமை காபி மேஜையில இதை நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

"இப்ப உள்ள போ."

"லெம்பி, நான் கிளம்பறேன். நீங்க..."

"உள்ள போன்னு சொன்னேன்." குரல் உயரவே இல்லை. "அடுப்புல எரியறது நாலு வருஷம் காய வச்ச கட்டை. மேஜை ஆக வேண்டியது. அந்தச் சூட்ட யாராவது உக்காந்து வாங்கணும் இல்ல? எனக்கு இன்னிக்கு மனசு இல்ல. நீ போய் அணையற வரைக்கும் உக்காரு. ஆர்வோ மூலையில உக்காராத. எதிர்ல உக்காரு."

போய் உட்கார்ந்தேன். எதிர்ப் படியில், அந்த மூலையைப் பார்த்தபடி. வெயில் நகர நகர அலைகளின் நிழல் நீண்டது. மேலிருந்து கீழே எண்ணினேன். கணுவில் ரம்பம் முங்கிய இடம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருந்தது. கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் கூட நான் ஊற்றவில்லை. அது விருந்தாளி செய்கிற காரியம். கென்னி வரவில்லை. வெளியே லெம்பியின் தங்கை வந்து ஏதோ கேட்டது காதில் விழுந்தது.

வேறு விறகாக இருந்தால் அரை மணியில் தணிந்திருக்கும். இது தணியவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று அடுப்பு அணைய. ஒரு கட்டை கூடச் சீறவில்லை. கண்ணைக் கரிக்க ஒரு இழை புகை இல்லை. ஆர்வோ அந்த மரத்தை மிக நன்றாக உலர்த்தியிருந்தார்.